வாசல் எப்போது திறக்க வேண்டும்?

கேள்வி: 16 வயதுப் பெண் வேறோர் உலகத்துக்குப் போகும் நாவல் எழுதுகிறேன். மொத்தம் 240 பக்கம். அவள் அங்கே நுழைவது 60ஆம் பக்கத்தில். படித்தவர்கள் ‘இழுவை’ என்கிறார்கள். அந்த உலகின் வரலாற்றை முதலிலேயே சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், இன்னும் இழுக்கும். 25ஆம் பக்கத்துக்குள் வாசலைத் திறந்துவிடுங்கள். அதற்கு முன்பு, வீட்டில் அவளுக்கு என்ன குறை என்பது தெரிந்தால் போதும். வரலாறு அவள் கண்ணில் படும் பொருள்களில் இருக்கட்டும். கடைக்காரி நாணயத்திலுள்ள அரசன் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடியே எண்ணுகிறாள் என்று எழுதுங்கள். அவனது கொடுங்கோலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதும் வேலை மிச்சம்.

பலரும் கோட்டைவிடுவது திரும்பும் வழியில்தான். இரண்டாம் நாளே அவள் ஏன் வீட்டுக்குப் போகவில்லை? வழி அடைபட்டதா, அவளுக்கே மனமில்லையா? இரண்டாவதுதான் வலுவானது. அங்கே ஒரு மாதம் இங்கே ஒரு மணி நேரம் என்று வைத்தால் அம்மா தேடமாட்டாள். கதையின் பதற்றம் பாதி போய்விடும். இரண்டு உலகிலும் நாள் ஒன்றாகவே ஓடட்டும்.

மந்திரத்துக்கு ஒரு விலை வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நினைவு அழியும் என்றால், அது 80ஆம் பக்கத்துக்குள் தெரிந்தாக வேண்டும். கடைசி அத்தியாயத்தில் திடீரென முளைக்கும் சக்தியை வாசகர் மன்னிப்பதில்லை.