உறையிலிருந்து எடுங்கள்

அன்புள்ள ஐயா,

ஹூஸ்டனில் இருக்கும் என் அண்ணன் பழைய வால்தர் பிபிகே கைத்துப்பாக்கி ஒன்றை அங்குள்ள சட்டப்படி வாங்கியிருக்கிறார். 7.65 மில்லிமீட்டர் தோட்டா போடுவது. சின்னது, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. முனையில் கருநீலப் பூச்சு தேய்ந்து இரும்பு தெரிகிறது. கூடவே அழகான பழைய தோல் உறையும் வந்திருக்கிறது. சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சுடவேண்டும் என்கிறார் அண்ணன். 'பத்திரமாக வையுங்கள், விலை ஏறும்' என்கிறார் அண்ணி. பழைய பொருள்களைப் பற்றி நீங்கள் எழுதுவதால் கேட்கிறேன். சுடுவதா, பாதுகாப்பதா? தீபாவளிக்கு வரும்போது என் சாவிக்கொத்தில் மாட்ட ஒரு தோட்டா கொண்டுவருவதாகவும் சொல்லியிருக்கிறார்.

ஒரு வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் குற்றம். 7 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். ஒரே ஒரு தோட்டாதானே என்று விமான நிலையத்தில் சொல்லிப் பாருங்கள். பலகாரமும் புதுத்துணியும் வாங்கி வைத்துக் காத்திருக்கும் வீட்டுக்கு அண்ணன் வந்து சேரமாட்டார். இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சரி, உங்கள் கேள்வி. பிபிகே 1931இல் வந்தது. போலீஸ்காரர் கோட்டுக்குள் மறைத்து வைத்துக்கொள்ளச் செய்த துப்பாக்கி. குழல் அசையாது, ஸ்பிரிங் அந்தக் குழலையே சுற்றி இருக்கும். அதனால் உள்ளே கெட்டுப்போக அதிகம் இல்லை. பெட்டி, காகிதம், துப்பாக்கியின் எண்ணோடு பொருந்தும் மேகசின் (தோட்டா அடைக்கும் கூடு), தேயாத பூச்சு எல்லாம் அன்று வந்தபடியே இருந்தால் சுடவேண்டாம் என்பேன். உங்கள் அண்ணன் வாங்கியது அப்படிப்பட்டது இல்லை. முனை தேய்ந்திருக்கிறது என்றால் அது உறைக்குள்ளும் வெளியிலுமாகப் பல வருடம் போய்வந்திருக்கிறது. விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி, ஸ்பிரிங்கை மாற்றி, சுடச் சொல்லுங்கள். பழைய பிளாஸ்டிக் கைப்பிடி விரிசல் விடும், அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு போட்டுக்கொள்ளட்டும். புதிதாகப் பூச்சு ஏற்றவே கூடாது. அண்ணியின் விலைக் கணக்கைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தத் தோல் உறை. உங்கள் கடிதத்தில் 'அழகான' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்பா நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தார். 1975இல் சிங்கப்பூர் போனவர் ஒரு ரோலை 35 கேமராவுடன் வந்தார். ஜெர்மன்காரர்கள் 1966இல் வெளியிட்டு, பிறகு சிங்கப்பூரிலேயே செய்யத் தொடங்கிய கேமரா. சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பிலிமை நகர்த்தும் நெம்புகோல் இடது பக்கம் இருக்கும். பிலிமை ஒரு தடவை நகர்த்திய பிறகுதான் லென்ஸை உள்ளே தள்ள முடியும். அப்பா பார்க்காமலே செய்வார்: இடது கட்டைவிரல் ஒரு இழுப்பு, லென்ஸில் ஒரு திருகு, ஒரு அழுத்து. பிளாஷ் மாட்டும் இடம் கேமராவுக்கு அடியில். அதனால் கல்யாண வீட்டில் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துத்தான் படம் எடுப்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்போடு படம் விழும். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் வியர்வை வழிய அதையே கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுவார்.

அப்பா 1996இல் தவறிப்போனார். கேமராவைத் துடைத்து, அதன் தோல் உறையில் போட்டு, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். யாரையும் தொட விடவில்லை. என் மகன் கேட்டபோதுகூடத் திட்டினேன். பத்தொன்பது வருடம்.

அப்புறம் ஒருநாள் ஜார்ஜ்டவுனில் ஒரு சீனப் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, முதலில் உறையை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு லென்ஸை விளக்கருகே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே சிலந்தி வலை போல வெள்ளையாகக் கிளை விட்டிருந்தது. பூஞ்சை. மெதுவான ஷட்டர் வேகங்கள் எல்லாம் எண்ணெய் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அப்பா மழையிலும் வெயிலிலும் இருபது வருடம் தூக்கி அலைந்தபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை தம்பி. பத்திரமாக வைக்கிறேன் என்று சொல்லி நான்தான் கெடுத்தேன்.

தோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். பதப்படுத்தியபோது சேர்ந்த உப்பும் அமிலமும் அதிலேயே தங்கியிருக்கும். அதற்குள் மாதக்கணக்கில் இரும்பு கிடந்தால், தோல் தொடும் இடத்தில் முதலில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும், பிறகு குழி விழும். துருவைத் துடைத்துவிடலாம், குழியை என்ன செய்வது? வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, உறை பளபளவென்றே இருக்கும். ஹூஸ்டனும் பினாங்கைப் போலக் கடற்காற்று அடிக்கும் ஊர்தான். உறை வேண்டுமானால் தனியாக இருக்கட்டும். துப்பாக்கி உறைக்கு வெளியே, மெல்லிய எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். மாதம் ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்க்கட்டும். சுடுகிறவர் ஒவ்வொரு தடவையும் கழற்றித் துடைப்பார், அதனால்தான் சுடச் சொல்கிறேன்.

அந்தப் பெரியவர் பூஞ்சையை எடுத்துவிட்டார், ஆனால் அது அரித்த தடம் கண்ணாடியில் இருக்கிறது. இப்போது வெளிச்சத்துக்கு எதிரே படம் எடுத்தால் ஒரு மூலையில் லேசாகப் பனி மூடியது போல விழுகிறது. போன தைப்பூசத்துக்கு என் மகன்தான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தண்ணீர்மலை ஏறினான்.

தோட்டா விஷயமாக அண்ணனுக்குப் போன் செய்யும்போது இதையும் கேளுங்கள் தம்பி: இந்த நிமிடம் அந்தத் துப்பாக்கி உறைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? பதிலை எனக்கும் எழுதுங்கள்.