கடைக்கு மகளையும் கூட்டிப் போங்கள்

கேள்வி: மகள் உயர்தரம் படிக்கிறாள். வவுனிக்குளம் பற்றி 12 பக்கக் கட்டுரை எழுதி முடித்துவிட்டாள். நான்தான் கொம்யூனிகேஷனில் கொடுத்து ரைப் பண்ணுவித்தேன். பெடியள் நிற்கிற கடை, அவளைக் கூட்டிப்போகவில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆசிரியைக்கு எல்லாம் குழம்பிய ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதாம். என்ன செய்ய?
– ஒரு தகப்பன், மாங்குளம்

பதில்: கோளாறு சின்னது. கடையில் பாமினியில் அடித்திருக்கிறார்கள். அது ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிற எழுத்துரு. ஆசிரியையின் போனில் பாமினி இல்லை, போர்வை விலகிவிட்டது.

‘பெடியள் நிற்கிற கடை’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பெரிய கோளாறு. எழுதிய பிள்ளை தன் கட்டுரையை இன்னும் திரையில் பார்க்கவில்லை! துருசு, அலைகரை, வான் என்று குளத்தின் பகுதிகளை அவள் எழுதியதை அடித்தவர் என்னவென்று வாசித்தாரோ, யாருக்குத் தெரியும்? புள்ளி வெட்டுப்படப்போவது அவளுக்கு. நாளைக்குக் கிளிநொச்சி அறிவியல்நகரிலோ வவுனியாவிலோ பல்கலைக்கழகம் கிடைத்தால் ஒவ்வொரு ஒப்படைக்கும் நீங்களா ஓடப்போகிறீர்கள்? பிள்ளையைக் காப்பது தகப்பன் கடமைதான். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து காத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு முன்னால் அவள் இருக்கட்டும்.

கோப்பை எழுத்துரு மாற்றியில் போட்டு, எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோட்டுக்கு மாற்றி, நிர்மலா அல்லது லதா எழுத்துருவில் வைக்கவேண்டும். தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிவுசெய்து மாற்றுங்கள். ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து மாற்றினால் அவை அர்த்தமில்லாத தமிழாகிவிடும். மாற்றிய பிறகு கையெழுத்துப் பிரதியோடு வரிவரியாக ஒப்பிடவேண்டும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் இடங்களில்தான் பிழை ஒளிந்திருக்கும். இது அவள் வேலை, கடைக்காரருடையதல்ல.

பிறகு ஏ4 தாள், எழுத்து 12, வரி இடைவெளி 1.5. ஓரம் 2.54 செ.மீ.; கட்டுவதென்றால் இடப்பக்கம் மட்டும் 3.8. புதுப்பக்கத்துக்கு என்டரைத் தட்டித்தட்டி இறக்கவேண்டாம், மேலே ஒரு வரி கூடினாலே எல்லாம் சரியும். கன்ட்ரோலோடு என்டர், ஒருதரம் போதும். பக்க எண்ணையும் வேர்டே போடட்டும்.

ஆசிரியை திருத்துவதென்றால் வேர்ட் கோப்பு, முடிந்த பிரதி என்றால் பிடிஎப். பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பாதீர்கள். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கும், எழுத்து மங்கும். ‘டொக்யூமென்ட்’ ஆகவே அனுப்பவேண்டும். கோப்பின் பெயரில் அவள் பெயரும் பாடமும் இருக்கட்டும். ஒரு பிரதி அவளுடைய சொந்த மின்னஞ்சலுக்கும் போகவேண்டும். கடைக் கணினியில் உள்ளதை அழித்து, மின்னஞ்சலையும் வட்ஸ்அப்பையும் மூடிவிட்டுத்தான் அவள் எழும்பவேண்டும்.