வீட்டு பட்டறைக்கு பெஞ்ச் டிரில் வாங்கும்போது எதைப் பாக்கணும்?

மாடில சின்னதா பட்டறை போட்டிருக்கேன், கொஞ்சம் மரம் கொஞ்சம் இரும்பு, 13 எம்எம் வரைக்கும் பிட்டு மாட்டுற பெஞ்ச் டிரில் (மேஜை மேல வைக்கிற துளை போடுற மெஷின்) எத்தனை வாட்டுல வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. வாட்டை விடுங்க பாஸ், வீட்டு வேலைக்கு 350 வாட்டே பெரும்பாலும் போதும். நானும் மொதல்ல வாட்டை பாத்துதான் ஒண்ணு வாங்கி ஏமாந்தேன்.

கடைக்கு போனா கைப்பிடிய கீழ வரைக்கும் இறக்கி வச்சுட்டு சக்க (பிட்டைக் கவ்விப் புடிக்கிற தலை) புடிச்சு இப்படி அப்படி ஆட்டிப் பாருங்க. கடகடன்னு ஆடுச்சுன்னா வேணாம். சில மெஷின்ல சைடுல ஒரு ஸ்க்ரூ இருக்கும், டைட் பண்ணா ஆட்டம் கொறையும், முழுசா போகாது. அப்புறம் நேரான 10 எம்எம் ராடு ஒண்ண கையோட எடுத்துட்டு போய் சக்ல மாட்டி, பக்கத்துல பேனா முனைய வச்சு கையால மெதுவா சுத்துங்க, இடைவெளி கூடிக் கொறைஞ்சா அது கோணல். என்னோடது கண்ணுக்கே தெரிஞ்சுது, 3 எம்எம் பிட்டு மாட்டுனா நுனி வட்டம் போடும், சென்டர் பஞ்சால (கூர் முனை உளி) புள்ளி அடிச்ச எடத்துல எறங்கவே எறங்காது.

அடுத்தது ஸ்பீடு. எல்லாரும் மேல எவ்ளோ போகுதுன்னு கேப்பாங்க, நீங்க கீழ எவ்ளோ எறங்குதுன்னு கேளுங்க. சாதா இரும்புல 13 எம்எம் ஓட்டைக்கு சுமார் 600 ஆர்பிஎம் போதும், 3 எம்எம்க்கு 2600 வரைக்கும் போலாம். ஆட்டோ ஹிஞ்சுக்கு (அலமாரிக் கதவுல உள்ள பதிக்கிற கீல்) 35 எம்எம் பிட்டு போட்டீங்கன்னா 500 பக்கம் இருந்தாதான் மரம் கருகாது. ஆனா இரும்புல 50 எம்எம் ஹோல்சா (வட்டமா அறுக்குற பல்லு வச்ச கட்டர்) ஓட்ட 150 பக்கம் வேணும், அஞ்சு ஸ்பீடு சின்ன மெஷின்ல அது வராது, அந்த ஆசைய விட்றுங்க.

8 இஞ்ச் மெஷின்னு சொன்னா பலகை ஓரத்துலருந்து 8 இஞ்ச் உள்ள போகும்னு நெனைக்காதீங்க, தூண்லருந்து சக் நடு வரைக்கும் 4 இஞ்ச்தான். அதே மாதிரி சக் எறங்குறது 50 எம்எம்னா 75 எம்எம் கட்டைய ஒரே மூச்சுல துளைக்க முடியாது.

எனக்கு ரெண்டாவது நாளே சக் ஓடிட்டிருக்கும்போதே கழண்டு விழுந்துச்சு. மெஷின் சரியில்லனு கடைக்காரர்ட்ட சண்டைக்கு போனேன், கடைசில பாத்தா துருபிடிக்காம இருக்க போட்ட எண்ணெய டேப்பர்லருந்து (சக் போய் உக்கார்ற கூம்புத் தண்டு) நான்தான் தொடைக்கல. பெட்ரோல் நனைச்ச துணியால ரெண்டு பக்கமும் தொடச்சு, நல்லா காய விட்டு, சக் தாடைய உள்ள இழுத்துட்டு மரச்சுத்தியால ஒரு தட்டு, அவ்ளோதான்.

பட்ஜெட்ல மெஷின் வைஸுக்கு (துளை போடுற பொருளை இறுக்கிப் புடிக்கிற கவ்வி) தனியா காசு ஒதுக்கிடுங்க. தகடை கையால புடிச்சு ஓட்டை போடவே போடாதீங்க, பிட்டு மறுபக்கம் வெளிய வர்ற நொடில மாட்டி சுத்தும், எனக்கு கட்டைவிரல்ல மூணு தையல். கையுறையும் கூடாது, சுத்துற பிட்டு துணிய புடிச்சு இழுத்துடும். சக் கீய (சக்க இறுக்குற சாவி) மாட்டி வச்சுட்டு சுவிட்ச போடறவங்களும் இருக்காங்க, அதுவும் பண்ணாதீங்க.

கைடிரில்ல மாட்டுற ஸ்டாண்டு மரத்துக்கு மட்டும்னா ஓகே, இரும்புக்கு ஆட்டம் ஜாஸ்தி.

கோயம்புத்தூர் பக்கம்னா கணபதி, ஆவாரம்பாளையம் பட்டறைகள்ல பழைய பில்லர் டிரில் (தரையில நிக்கிற பெரிய டிரில்) யாராவது குடுக்குறாங்களான்னு விசாரிங்க, வார்ப்பு இரும்பு, தேஞ்சு போகாம இருந்தா ஆட்டம் கம்மியா இருக்கும். ஆனா 3 ஃபேஸ் மோட்டாரா இருந்தா சிங்கிள் ஃபேஸ் வீட்டு லைனுக்கு மோட்டாரை மாத்தணும், இல்லன்னா டிரைவ் (சிங்கிள் ஃபேஸ்ல அந்த மோட்டாரை ஓட்ட வைக்கிற கருவி) வாங்கணும், அந்த செலவையும் சேத்துக்கோங்க. நாலு ஆள் இல்லாம மாடி ஏத்தவும் முடியாது.