சிறப்புப் படையில் சேரத் துடிக்கும் மகனுக்கு என்ன சொல்வது?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது, கல்லூரி முதலாண்டு. சேர்ந்தால் ராணுவத்தின் சிறப்புப் படையில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். தினமும் விடியற்காலையில் முதுகுப்பையில் செங்கல்லை நிரப்பிக்கொண்டு ஓடுகிறான். நீச்சல் தெரியாது. இந்தப் படைகள் எப்படி உருவாயின, உண்மையில் என்ன வேலை செய்கின்றன, அவன் இப்போது எதற்குத் தயாராக வேண்டும்? தடுக்க எனக்கு மனமில்லை. ஒன்றும் தெரியாமல் அனுப்பவும் பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்தச் செங்கல்லை இறக்கிவைக்கச் சொல்லுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மகன் மனதில் இருக்கும் படம் எது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 1980 மே 5 அன்று லண்டனில் ஆயுதக் குழுவிடம் சிக்கிய ஈரான் தூதரகத்தை பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். மீட்டது. கறுப்புடை, முகமூடி, பால்கனியில் வெடி, ஜன்னல் வழியே பாய்ச்சல் என எல்லாம் தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. உலகம் முழுவதும் சிறப்புப் படை என்றதும் இன்றுவரை நினைவுக்கு வருவது அந்தக் காட்சிதான். ஆனால் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் போலீசார் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். படையினரோ கட்டடத்தின் அமைப்பைப் படித்து, ஒத்திகை பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை யாரும் படம் பிடிக்கவில்லை.

அவனிடம் வேறொரு இரவைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலம். நார்வேயின் வெமோர்க் என்ற இடத்தில் ஒரு நீர்மின் நிலையம் இருந்தது. அதை ஒட்டிய ஆலையில் கனநீர் தயாரானது. அணு ஆராய்ச்சிக்குத் தேவைப்படும் பொருள் அது. நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள் அதை எடுத்துச் சென்றுகொண்டிருந்தார்கள். 1942 நவம்பரில் பிரிட்டன் இரண்டு கிளைடர்களில் (எஞ்சின் இல்லாத விமானங்களில்) ஆட்களை அனுப்பியது. மோசமான வானிலையில் அவை விழுந்து நொறுங்கின. தப்பியவர்களையும் ஜெர்மானியர்கள் கொன்றார்கள்.

அடுத்து, பிரிட்டனில் பயிற்சி பெற்ற நார்வே இளைஞர்கள் போனார்கள். அவர்களில் நான்கு பேர் மாதக்கணக்கில் முன்பே பனிப் பீடபூமியில் இறங்கி, பாசியையும் பிறகு கலைமானையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் யோகிம் ரொன்னெபெர்குக்கு 23 வயது. ஆலைக்குள் எந்தக் கதவு எங்கே என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். அந்த ஆலையை உருவாக்கியதில் பங்குகொண்ட விஞ்ஞானி லேஃப் ட்ரான்ஸ்டாட் பிரிட்டனுக்குத் தப்பி வந்து விவரம் கொடுத்திருந்தார். தொங்குபாலத்தில் காவல் இருந்தது. அதை விட்டால் ஆழமான பள்ளத்தாக்குதான். யாரும் ஏற முடியாது என்று அங்கே பெரிய காவல் போடவில்லை. ஆனால் வான்வழிப் படத்தில் அந்தச் சரிவில் மரங்கள் தெரிந்தன. மரம் வளர்ந்திருக்கிறதென்றால் மனிதனும் ஏறலாம் என்று முடிவு செய்தார்கள். ஒருவர் பகலிலேயே போய் வழியைப் பார்த்துவிட்டு வந்தார். 1943 பிப்ரவரி 27 இரவு ஒன்பது பேர் பள்ளத்தில் இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, மறுபுறம் ஏறினார்கள்.

உள்ளே நடந்ததுதான் எனக்கு மறக்காது. வெடியை வைத்துத் திரியைப் பற்றவைக்கப் போகும் நேரம். அங்கே இருந்த நார்வே காவலாளி, என் மூக்குக்கண்ணாடியைக் காணோம், போர்க்காலத்தில் இன்னொன்று வாங்க முடியாது என்கிறார். தேடிக் கொடுக்கிறார்கள். கூட்டைத் திறந்தால் கண்ணாடி இல்லை. மறுபடியும் தேடிக் கொடுத்த பிறகுதான் திரி பற்றுகிறது. போகும்போது பிரிட்டிஷ் படையினர் பயன்படுத்தும் ஒரு துப்பாக்கியை வேண்டுமென்றே விட்டுச் சென்றார்கள். இது வெளியிலிருந்து வந்தவர்களின் வேலை என்று தெரிந்தால், உள்ளூர்க்காரர்களைப் பழிவாங்க மாட்டார்கள் என்பது கணக்கு. ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. அவர்களில் ஒருவரும் சாகவில்லை. அவர்களில் ஐந்து பேர் பனிச்சறுக்கில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. 'கமாண்டோ' என்ற சொல் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களிடமிருந்து வந்தது. 1899 முதல் 1902 வரை நடந்த போரில் அவர்களின் சிறிய குதிரைப்படைக் குழுக்கள் பெரிய பிரிட்டிஷ் சேனையைத் திணறடித்தன. 1940இல் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து பின்வாங்கிய பிரிட்டன், கடற்கரைகளில் திடீரென்று இறங்கித் தாக்க ஒரு படையைத் திரட்டியபோது அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. 1942 மார்ச்சில் பிரான்சின் சாங் நசேர் துறைமுகத்தில், கப்பல்களைப் பழுதுபார்க்கும் உலர்துறையின் வாயிலில், வெடிமருந்து நிரப்பிய கப்பலைக் கொண்டுபோய் மோதினார்கள். நோக்கம் நிறைவேறியது. ஆனால் போன அறுநூற்றுச் சொச்சம் பேரில் 169 பேர் திரும்பவே இல்லை. வெற்றி என்று எழுதப்படும் நடவடிக்கைகளுக்கும் இப்படி ஒரு விலை உண்டு. இதை மகனிடம் மறைக்க வேண்டாம்.

எஸ்.ஏ.எஸ். படையின் தொடக்கமே ஒரு தோல்விதான். 1941 நவம்பரில் அதைத் தொடங்கிய டேவிட் ஸ்டர்லிங்கின் ஆட்கள் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் புயலுக்கு நடுவே பாராசூட்டில் குதித்தார்கள். எதிரியின் ஒரு விமானத்தைக்கூட அழிக்கவில்லை. 55 பேரில் இருபது சொச்சம் பேர்தான் மீண்டார்கள். அவர்களை ஏற்றிவந்தது, பாலைவனத்தை உள்ளங்கைபோல அறிந்த இன்னொரு ரோந்துக் குழுவின் லாரிகள். அப்புறம்தான் புத்தி வந்தது: குதிப்பானேன், இந்த லாரியிலேயே போகலாமே! டிசம்பரில் அப்படிப் போய், தாமெத் விமானத்தளத்தில் ஒரே இரவில் இருபதுக்கும் மேற்பட்ட விமானங்களை அழித்தார்கள். குதித்தவர்களின் பெயர் உலகுக்குத் தெரியும். ஓட்டிச் சென்றவர்களைத் தெரிந்தவர்கள் குறைவு.

பணயக்கைதி மீட்பு பின்னாளில் சேர்ந்த வேலை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினரைப் பணயக்கைதிகளாகப் பிடித்தார்கள், 11 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த மீட்பு முயற்சிக்குப் போன போலீசாருக்கு அதற்கான பயிற்சியே இல்லை. அதன் பிறகு மேற்கு ஜெர்மனி ஜி.எஸ்.ஜி.9 படையை உருவாக்கியது. அது ராணுவம் அல்ல, போலீஸ். 1977இல் கடத்தப்பட்ட விமானத்தை சோமாலியாவின் மொகதிஷுவில் அதுதான் மீட்டது. கறுப்புடை அணிந்தவர் எல்லோரும் ராணுவச் சிறப்புப் படை என்று நினைப்பவர்கள் பலர். மகன் விரும்புவது எதை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

1980 ஏப்ரலில் ஈரானில் சிக்கிய தன் தூதரக ஊழியர்களை மீட்க அமெரிக்கா முயன்றது. எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. குறைந்தது ஆறு தேவை, உருப்படியாக இருந்தவை ஐந்து. திட்டம் பாலைவனத்திலேயே கைவிடப்பட்டது. திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். வீரர்களிடம் துணிச்சலுக்குக் குறைவில்லை. தனித்தனிப் பிரிவுகளாகப் பழகியவர்களை முதன்முறையாக ஒன்றாகச் சேர்த்து அனுப்பியதில்தான் கோளாறு. இதற்கென்றே தனி ஹெலிகாப்டர் படைப்பிரிவும், 1987இல் கூட்டுத் தலைமையகமும் அந்தப் பாடத்திலிருந்து வந்தவை.

சரி, அன்றாட வேலை என்ன? திடீர்த் தாக்குதல் ஒரு பகுதி. எதிரிப் பகுதியில் பதுங்கியிருந்து நாள்கணக்கில் பார்த்துச் செய்தி அனுப்புவது இன்னொன்று. பெரும்பாலானோருக்குத் தெரியாத மூன்றாவது, வேற்று நாட்டுப் போராளிகளுடன் தங்கி அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. 2001இல் ஆப்கானிஸ்தானின் வடபகுதியில் இறங்கிய அமெரிக்கக் குழுவில் 12 பேர். உள்ளூர்ப் படையோடு குதிரையில் போய், வானிலிருந்து குண்டு விழவேண்டிய இடத்தைக் காட்டினார்கள். அந்த 12 என்ற எண்ணிக்கையைக் கவனியுங்கள்: ஆயுதம், பொறியியல், மருத்துவம், தொடர்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் இருவர். குழு இரண்டாகப் பிரிந்தாலும் இரு பக்கமும் மருத்துவப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருப்பார். மீதி நால்வர் தலைமையும் உளவும் பார்ப்பவர்கள். அந்நிய மொழி எல்லோருக்கும் கட்டாயம்.

ஒன்றை நான் சொல்லியே ஆகவேண்டும். இந்தக் குழுக்கள் யார் கண்ணிலும் படாமல் வேலை செய்பவை. அதனாலேயே தவறும் யார் கண்ணிலும் படாமல் போகலாம். ஆஸ்திரேலிய சிறப்புப் படையினர் ஆப்கானிஸ்தானில் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல் இருப்பதாக 2020 நவம்பரில் அந்த நாட்டின் விசாரணை அறிக்கையே சொன்னது. கொல்லப்பட்டவர்கள் கைதிகளும் பொதுமக்களும். படிக்க மனம் பதறும் அறிக்கை அது. கண்ணாடியைத் தேடிக் கொடுத்த வெமோர்க் இளைஞர்களை நான் முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இனி உங்கள் மகன். பல நாடுகளில் ஏற்கெனவே படையில் இருப்பவர்களிலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள். சில நாடுகளில் நேரடியாக முயலவும் வழி உண்டு. எப்படியானாலும் முயல்பவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. அதனால் சாதாரணச் சிப்பாயாகவோ அதிகாரியாகவோ இருக்கவும் மனம் ஒப்புகிறதா என்று அவன் யோசிக்க வேண்டும். இல்லையென்றால் படையில் சேருவதையே தள்ளிப்போடட்டும்.

எஸ்.ஏ.எஸ். தேர்வின் மலைநடையில் யாரும் கத்துவதில்லை, தட்டிக்கொடுப்பதும் இல்லை. வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து, தனியாக அடுத்த இடத்துக்குப் போகச் சொல்வார்கள். கடைசி நடை சுமார் 64 கிலோமீட்டர், 20 மணி நேரத்துக்குள், 25 கிலோவுக்கும் குறையாத சுமையோடு. பாதி வழியில் தப்பான முகட்டில் ஏறிவிட்டால், தசைபலம் உதவாது. மூடுபனியில் உட்கார்ந்து, எங்கே தவறினோம் என்று நிதானமாகக் கணக்குப் போடத் தெரிய வேண்டும். 2013 ஜூலையில் இந்தத் தேர்வு நடக்கும் மலைப்பகுதியில் வெயில் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள். மருத்துவ ஏற்பாடும் கண்காணிப்பும் இருக்கும் இடத்திலேயே இப்படி நடந்திருக்கிறது. தனியாகச் சுமையோடு ஓடும் பையனுக்கு என்ன பாதுகாப்பு? சுமையோடு ஓடுவது முழங்காலையும் இடுப்பையும் கெடுக்கலாம். இந்த வயதில் வரும் எலும்பு முறிவு பிறகு மருத்துவப் பரிசோதனையில் அவனைத் தட்டிவிடலாம். சுமையில்லாமல் ஓடட்டும், தூரத்தை மெல்லக் கூட்டட்டும், வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு எடுக்கட்டும்.

மற்ற நேரத்தில் முறையான முதலுதவி வகுப்பு, வரைபடம் படிக்கும் பழக்கம், புதிதாக ஒரு மொழி. கல்லூரியைப் பாதியில் விட வேண்டாம்.

நீச்சலை இந்த வாரமே தொடங்குங்கள். பயிற்சியாளர் இருக்கும் குளத்தில், மூச்சை அடக்கும் விளையாட்டு எதுவும் இல்லாமல். 18 வயதில் ஆழத்துக்குப் பயப்படுவது சகஜம். கரையைப் பிடித்துக்கொண்டே முதல் பத்து நாள் போனாலும் பரவாயில்லை.