சம்பளம் நின்ற மாதங்களில் பென்ஷன் என்ன ஆகும்? கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலை: வேலையில்தான் இருக்கிறேன், சம்பளம் இல்லை, பி.எஃப். பென்ஷன் போய்விடுமா? 28 வருஷம் மில்களிலும் தொழிற்சாலைகளிலும் பி.எஃப். கணக்கு எழுதியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓசூர், லேத் ஆபரேட்டர்: ஐயா, விசாரணை முடியும்வரை சஸ்பென்ஷன்ல வச்சிருக்காங்க. மூணு மாசமா பிழைப்பூதியம் மட்டும்தான். பி.எஃப். பிடிக்கல. நானே ஆன்லைன்ல கட்டிடலாமா?

முடியாது தம்பி. இ.பி.எஃப்.பில், அதாவது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில், பணம் நிறுவனம் வழியாகத்தான் போகும். உங்கள் பங்கு 12 சதவீதம். முதலாளி பங்கு 12-இல் 8.33 சதவீதம் பென்ஷனுக்கு, மீதி உங்கள் பி.எஃப். கணக்குக்கு. பிழைப்பூதியம் வேலை பார்த்தோ விடுப்பில் இருந்தோ ஈட்டிய சம்பளம் இல்லை, அதனால் அதில் பிடித்தம் வராது. கட்டவில்லையே என்று தவிக்க வேண்டாம், அபராதம் ஒன்றும் கிடையாது. ஏற்கெனவே கணக்கில் இருக்கும் பணத்துக்கு வட்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வழக்கு உங்கள் பக்கம் தீர்ந்து நிலுவைச் சம்பளம் கிடைத்தால், அன்றைக்கே கேளுங்கள்: "இதுக்கு பி.எஃப். கட்டியாச்சா?" நிலுவைச் சம்பளத்துக்கும் பி.எஃப். உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1992-லேயே சொல்லியிருக்கிறது. சமரசம் பேசி மொத்தமாக ஒரு தொகை வாங்கும்போது பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். தாளில் "நிலுவைச் சம்பளம்" என்று எழுதியிருக்கிறதா, வெறும் "தொகை" என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரகடம், அசெம்பிளி லைன்: ஸ்டிரைக்ல 34 நாள் சம்பளம் இல்ல சார். போர்ட்டல்ல என்.சி.பி. 34-ன்னு காட்டுது. அப்படின்னா என்ன?

பங்களிப்பு இல்லாத நாள். மாதாமாதம் கம்பெனி ஏற்றும் இ.சி.ஆர். பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் இதற்கு ஒரு கட்டம் உண்டு. சம்பளமில்லாத நாட்கள் அதில் ஏறும், பென்ஷனுக்கான சர்வீஸிலிருந்து அத்தனை நாள் கழியும். உங்களுக்கு 34 சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையையும் சம்பளத்தோடு எடுத்த விடுப்பையும் சேர்த்து ஏற்றிய பட்டியல்களை நானே திருத்தியிருக்கிறேன். அதனால் சர்வீஸ் ஹிஸ்டரியை வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பாருங்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனி டெய்லர்: அண்ணா, வர்ற மாசத்தோட சரியா 10 வருஷம் முடியுது. பென்ஷன் உறுதியாயிடும்னு வேலைய விடப் போறேன். நடுவுல அப்பாவுக்கு முடியாம இருந்தப்போ மொத்தமா 200 நாள் லாஸ் ஆஃப் பே. பரவாயில்லையா?

தங்கச்சி, ராஜினாமா கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் வந்தால் முழு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஒன்பதரை வருஷம் இருந்தாலே போதும். 10 வருஷம் என்பது ஏறக்குறைய 3,652 நாள். அதில் 200 போனால் 3,452. ஒன்பதரை வருஷத்துக்கு 3,470 நாள் வேண்டும். இருபது நாள்கூட இல்லாத ஒரு குறைவில், ஆயுள் முழுக்க வர வேண்டிய பென்ஷன் நழுவிவிடும். கையில் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

இன்னும் ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம், லீவு போடாமல் வேலை பாருங்கள். அது முடியாத நிலைமை என்றால், விலகினாலும் பென்ஷன் பணத்தை எடுக்காதீர்கள். 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிஃபிகேட், அதாவது இதுவரையான சர்வீஸைக் காட்டும் சான்றிதழ், கேட்கலாம். அடுத்து எங்கே சேர்ந்தாலும் அதே யு.ஏ.என். எண்ணை (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) கொடுத்தால் பழைய சர்வீஸோடு புதியது சேர்ந்துகொள்ளும்.

பென்ஷன் சம்பளத்தை, அதாவது கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை, சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 12,000 சம்பளம், 10 வருஷம் என்றால் 58 வயதிலிருந்து மாதம் 1,714 ரூபாய். சிறிய தொகைதான். ஆனாலும் மாதம் தவறாமல் வரும், உங்களுக்குப் பிறகு கணவருக்கும் குடும்பப் பென்ஷன் உண்டு.

உங்களைப் போலவே ஒரு மில் தொழிலாளி அம்மா என்னிடம் வந்தார். ரிங் பிரேம் ஓட்டியவர். மஞ்சள் பையிலிருந்து சம்பளச் சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு வருஷத்தையும் தனித்தனிக் கட்டாகச் சேலைக் கரைத் துணியால் கட்டியிருந்தார். என்.சி.பி.யில் ஏறியிருந்த 41 நாள் உண்மையில் சம்பளத்தோடு எடுத்த விடுப்பு என்று அந்தச் சீட்டுகளே காட்டின. நிர்வாகம் திருத்திக் கொடுத்தது, பென்ஷனும் வந்தது. சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது அவரை நினைத்துத்தான்.

கோவை, வயது 56: கடைசி 60 மாச சராசரிதான் பென்ஷன் சம்பளம்னு சொல்றாங்க. அதுல 6 மாசம் எனக்குச் சம்பளமே இல்ல. சராசரி விழுந்துடுமா?

விழாது. சம்பளமில்லாத நாட்கள் இருந்தால், வாங்கிய மொத்தச் சம்பளத்தைச் சம்பளம் வாங்கிய நாட்களால் வகுத்து 30-ஆல் பெருக்க வேண்டும் என்பது விதி. 54 மாதம் 15,000 வீதம் 8,10,000 ரூபாய். 1,620 நாளால் வகுத்தால் நாளுக்கு 500, மாதத்துக்கு அதே 15,000. உங்களுக்குக் குறைவது சர்வீஸில் அந்த ஆறு மாதம்தான். 20 வருஷத்தை எட்டுகிற கட்டத்தில் இருந்தால் மட்டும் கவனம்: 20 வருஷ சர்வீஸ் முடித்தவர்களுக்குக் கூடுதலாக 2 வருஷம் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

அம்பத்தூர்: விபத்துல கால் உடைஞ்சு ரெண்டு மாசம் இ.எஸ்.ஐ. பணம்தான் வாங்கினேன். அதுல பி.எஃப். உண்டா?

இல்லை. அது இ.எஸ்.ஐ. தரும் உதவித்தொகை, கம்பெனிச் சம்பளம் இல்லை.

மத்திய அரசு ஊழியர், திருச்சி: நான் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) உறுப்பினர். சஸ்பென்ஷன் காலத்தில் என் பங்கு கட்டாயமா?

கட்டாயமில்லை, உங்கள் விருப்பம். 2021 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பிறகு அந்தக் காலத்தைப் பணிக்காலமாக ஏற்றால், கிடைக்கும் ஊதியத்தை வைத்துப் பங்களிப்பைத் திரும்பக் கணக்கிடுவார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்: கம்பெனியோட கேஸ் நடக்குது, சம்பளம் இல்ல, வீட்டு வாடகைக்கே வழியில்ல சார். போர்ட்டல்ல 'மார்க் எக்ஸிட்' போட்டு மொத்தப் பணத்தையும் எடுத்துக்கலாம்னு ஃப்ரெண்டு சொல்றான்.

கஷ்டம் புரிகிறது. ஆனாலும் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள் தம்பி. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து அது உங்கள் கைக்கே வரும் என்பது உண்மைதான். ஆனால் வேலையில் இருக்கும்போதே விலகியதாக நீங்களே தேதி போட்டால், வழக்கில் "அவரே போய்விட்டார்" என்று எதிர்த்தரப்பு அதையே எடுத்து நீட்டும். அவசரத்துக்கு முன்பணம் கிடைக்குமா என்று மட்டும் பாருங்கள். பி.எஃப். பங்கிலிருந்து எடுக்கும் முன்பணம் பென்ஷன் சர்வீஸைத் தொடாது. இன்றைக்கே உள்ளே போய், விலகிய தேதி என்ற கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கம்பெனியே தேதி போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உங்கள் யூனியன் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.