காளையோடு பிறந்த கிடாரி: வளர்க்கலாமா, விற்கலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மாடு வளர்க்கிறோம். எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு இரட்டைக் கன்று ஈன்று 2 வாரம் ஆகிறது. ஒன்று காளை, ஒன்று கிடாரி. கிடாரி சினை பிடிக்காது என்று பால் சொசைட்டியில் சொல்கிறார்கள். உண்மையா? இப்போதே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்மைதான். காளையோடு இரட்டையாகப் பிறக்கும் கிடாரிகளில் 100-க்கு 90-க்கு மேல் மலடு. மிச்சமுள்ள சில நன்றாகவே சினை பிடிக்கும். ஆகவே சோதிக்காமல் விற்காதீர்கள், சோதிக்காமல் வளர்க்கவும் வேண்டாம். ஒன்றரை வயதாகியும் பருவத்துக்கு வரவில்லையே என்று டாக்டரைத் தேடும்போது அத்தனை தீவனமும் தின்று தீர்ந்திருக்கும்.

ஏன் மலடாகிறது? இரண்டும் தனித்தனி கருமுட்டையில் உருவான கன்றுகள்தான். ஆனால் மாட்டில் இரண்டின் நஞ்சுக்கொடியும் ஒட்டிக்கொண்டு, சினையான 40 நாள் வாக்கிலேயே ரத்தக்குழாய்கள் இணைந்துவிடும். காளைக் கருவின் விதைப்பை முந்தி வளர்வதால், அது சுரக்கும் ஹார்மோன்கள் கிடாரிக்குள் பாய்ந்து கருப்பை உருவாவதைத் தடுக்கின்றன. சினைப்பையும் சிறுத்துவிடும். கூடவே ரத்தத்தை உண்டாக்கும் மூலச்செல்கள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய் எலும்பு மஜ்ஜையில் தங்கிவிடுகின்றன. இரட்டை மாடுகளின் உடம்பில் இப்படி இரண்டு வகை ரத்தம் கலந்து ஓடுவதை 1945-இல் ரே ஓவன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டறிந்தார்.

கன்று 1 முதல் 4 வாரத்துக்குள் இருக்கும்போது, பிறப்புறுப்புப் பாதை எவ்வளவு நீளம் என்று அளந்து பார்க்கும் நீளச் சோதனை செய்யலாம். முனை உருண்ட, விரல் தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாயைக் கழுவி, வழுவழுப்புக் களிம்பு தடவி, பெண்குறி வழியாக முதலில் சற்று மேல்நோக்கி, பிறகு நேராக மெல்லச் செலுத்த வேண்டும். நல்ல கிடாரியில் 12 முதல் 15 செ.மீ. வரை போகும். மலட்டுக் கிடாரியில் 5 முதல் 8 செ.மீ.யில் முட்டி நிற்கும். கீழ்நோக்கிச் சரித்தால் மூத்திரத் துளைப் பக்கம் சிக்கி, நல்ல கன்றும் மலடு போலக் காட்டும். தடங்கலில் அழுத்தினால் உள்ளே கிழியும். கண்ணாடிக் குழாய் வேண்டவே வேண்டாம். கால்நடை டாக்டரை வைத்தே செய்யுங்கள். அதே வயதில் தனியாகப் பிறந்த கிடாரி அக்கம்பக்கத்தில் இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். பெண்குறியின் கீழ்முனையில் நீண்ட முடிக்கற்றை இருந்தால் சந்தேகம் வலுக்கும். அது இல்லை என்பதால் மட்டும் நல்ல கிடாரி என்று நம்பிவிட வேண்டாம்.

அளவு இரண்டுங்கெட்டானாக வந்தால் ரத்தப் பரிசோதனைதான் தீர்ப்பு. காளையின் செல்லில் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமைக் கிடாரியின் ரத்தத்தில் பி.சி.ஆர். முறையில் தேடுவதற்கு, ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் ரத்தம் எடுப்பார்கள். குரோமோசோம் சோதனை என்றால் செல்கள் உயிரோடு வேண்டும். அதே போல ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஹெப்பாரின் குழாயில் எடுத்து, ஃப்ரீசரில் வைக்காமல், குளிர்ச்சியாக உடனே அனுப்ப வேண்டும். முடி வேரைக் கொடுத்து ஏமாறாதீர்கள், கலப்பு இருப்பது ரத்தத்தில். எந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள்.

வீட்டில் ஆண், பெண் இரட்டைக் குழந்தைகள் இருப்பவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். மனிதரில் அவர்களுக்குப் பெரும்பாலும் ரத்தக்குழாய்கள் இணைவதில்லை. பெண் குழந்தைக்கு மாட்டைப் போல மலடும் வருவதில்லை.

மலடு என்று உறுதியானால் கருவூட்டல் ஊசிக்கும் சினைத் தீவனத்துக்கும் காசு இறைக்காதீர்கள். விற்கும்போது காதுப்பட்டையின் 12 இலக்க எண்ணோடு ‘காளையுடன் பிறந்தது’ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாங்குகிறவர் கறவைக்கு என்று நம்பி வாங்கிவிடக் கூடாது.