சுவிட்ச்போர்டு வேலை கிடைக்குமா?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் திருநெல்வேலிக்காரன். வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. உங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக் கட்டுரைகளை என் மனைவிதான் முதலில் எனக்கு அனுப்பினாள். இப்போது எழுதுவது வேறு விஷயம்.

மகனுக்குப் பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பு. இரண்டு வருடமாக இருட்டினால் தடுமாறுகிறான். மாலைக்கண் என்று நினைத்து முருங்கைக்கீரையும் கேரட்டுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். போன மாதம் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று சொல்லிவிட்டார்கள். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், எவ்வளவு வேகமாக என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நான் அத்தை மகளைக் கட்டியவன். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

பள்ளியில் கூப்பிட்டு, பத்தாம் வகுப்பில் கணிதத்தை விட்டுவிட்டு, அன்றாடக் கணக்கு மட்டும் வருகிற மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய பாடத்தை எடுக்கச் சொல்கிறார்கள். ஸ்பெஷல் ஸ்கூலும் பாருங்கள் என்கிறார்கள். விடுதியில் விடுவதா என்று மனைவி அழுகிறாள். புள்ளிகளை விரலால் தொட்டுப் படிக்கிற பிரெயில் எல்லாம் பழைய காலம், செல்போனே எல்லாவற்றையும் வாசித்துவிடுகிறது, ஏதாவது தொழிற்பயிற்சியில் சேர்த்துவிடு என்று ஊரிலிருந்து அண்ணன் போன் செய்கிறான். இங்கே ஒருவர், பார்வையில்லாதவர்களுக்கு, அலுவலகத்துக்கு வருகிற போன் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் சுவிட்ச்போர்டு ஆபரேட்டர் வேலை நிச்சயம் என்றார். அப்படியா அக்கா? மனைவி மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கி வைத்திருக்கிறாள். எனக்கு எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஒரு தகப்பன், டர்பன்

அன்புள்ள தம்பிக்கு,

கண்மலரைச் சாத்திவிட்டு வாருங்கள், அதில் நான் குறுக்கே வரவில்லை. பத்தாம் வகுப்புப் பாடத் தேர்வுப் படிவத்தில் மட்டும் இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கீரை கொடுத்ததற்காக வருத்தப்பட வேண்டாம். வைட்டமின் ஏ குறைந்தால் வருகிற மாலைக்கண்ணும் இதுவும் ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். இதில் மங்கலான வெளிச்சத்துக்கான செல்கள் முதலில் போகும். அப்புறம் பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகும். அத்தை மகள் விஷயம்: சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. சொந்தமே இல்லாத தம்பதிகளுக்கும் இப்படிப் பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. மரபணுப் பரிசோதனை செய்யுங்கள், ஆனால் யார் வழியில் வந்தது என்று கண்டுபிடிப்பதற்காக வேண்டாம். ஆர்பிஈ65 என்ற ஒரே ஒரு மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு 2017-இல் அமெரிக்காவில் ஒரு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. உங்கள் பையனுடையது எந்த மரபணு என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அவ்வளவுதான். முழுசாகக் குணமாக்குகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, சுவிட்ச்போர்டு.

சாட்ஸ்வொர்த்தில் எனக்குப் பழக்கமான ஒரு தாத்தா முப்பது வருடம் சுவிட்ச்போர்டில் உட்கார்ந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை. அலுவலகத்தின் எக்ஸ்டென்ஷன் நம்பர் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர் "ஹலோ" சொன்னதுமே பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பாராம். அவர் காலத்தில் அது நல்ல வேலை, வீடு கட்டினார், இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். அப்புறம் ஒவ்வொருவர் மேசைக்கும் நேரடி எண் வந்தது, ஆளாளுக்கு செல்போன் வந்தது, கடைசியாக 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று ஒரு பதிவு செய்த குரல் வந்தது. தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார்: "என் நாற்காலியிலே வந்து உட்கார்ந்தவளுக்கும் கண் தெரியாதும்மா. ஆனா அவ சம்பளம் கேக்கலை."

அவருக்கு முந்தின தலைமுறைக்குக் கூடையும் பிரம்பு நாற்காலியும் பின்னுகிற வேலை. இப்போது கால் சென்டர். எதுவும் கேவலமான வேலை இல்லை. ஆனால் 'இவர்களுக்கு ஏற்ற வேலை' என்று ஒன்றை மற்றவர்கள் முடிவு செய்து, அதற்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், அந்த வேலை போகும்போது அவர்கள் கையில் வேறு எதுவும் இருப்பதில்லை. இப்போது நிறுவனங்களில் நடக்கிற லேர்னர்ஷிப் என்ற வேலைப் பயிற்சிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. உடற்குறை உள்ளவர்களைச் சேர்க்கும் நிறுவனத்துக்கு வரிச் சலுகை கூடுதல். பையனுக்கு மாதாமாதம் ஏதோ ஒரு தொகை வரும், கடைசியில் சான்றிதழும் வரும். வேலை வரும் என்று சொல்ல முடியாது. மூன்று லேர்னர்ஷிப் முடித்து, மூன்று சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். நான்காவதற்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பயிற்சியில் சேர்க்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: போன வருடம் இங்கே முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. போன் வாசிக்கிறது, கணினியும் வாசிக்கிறது. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை 2006-இல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கினார்கள், அன்றிலிருந்து இன்றுவரை இலவசம். இன்றைக்கே இறக்கிப் போட்டு, விசைப்பலகையைப் பார்க்காமல் பத்து விரலாலும் தட்டச்சு செய்யப் பழக்குங்கள். ஆனால் கேட்பது வேறு, படிப்பது வேறு. 'எக்ஸ் பிளஸ் மூன்று பை இரண்டு' என்று போன் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் இரண்டால் வகுக்க வேண்டுமா, மூன்றை மட்டுமா? காதால் கேட்பவன் ஊகிக்க வேண்டியதுதான். விரலால் தொடுபவனுக்கு அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று தெரியும். பழமா பலமா, கறியா கரியா என்பதும் இதே கதைதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண். பல வருடங்களுக்கு முன் என் சனிக்கிழமை வகுப்புக்கு அவளை அவள் ஆயா கூட்டிவந்தார். பார்வை இல்லாத பிள்ளை தமிழ் எழுத்தை எப்படிக் கற்கும் என்று நான்தான் திகைத்தேன், அவள் திகைக்கவில்லை. ஊரிலிருந்து தமிழ் பிரெயில் அட்டவணை ஒன்றை வரவழைத்து வாசித்துக் காட்டினேன். ஆங்கில பிரெயிலில் கே எந்தப் புள்ளிகளோ அதேதான் க. பி-தான் ப, எம்-தான் ம, டி-தான் த. 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் சேர்த்து வகுத்த முறை அப்படி. ஆங்கிலத்தில் 'ஏஆர்' என்பதற்கு இருக்கும் சுருக்கக் குறிதான் ஆ. 'ஓடபிள்யூ' என்பதன் குறிதான் ஔ. அவளுக்குப் பாதி எழுத்து முன்பே தெரிந்திருந்தது!

அந்த வகுப்பில் பார்வையுள்ள பிள்ளைகள் 'கோ' எழுதும்போது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கொம்பையும் காலையும் தேடிக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு க, அப்புறம் ஓ. முடிந்தது. 247 எழுத்து என்று நாம் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற கணக்கெல்லாம் பிரெயிலில் இல்லை. ழ ஒன்றுதான் அவளைத் தடுக்கியது. அந்தக் குறிக்கு ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்று பொருள். தமிழ் என்பதைத் 'தமிஆஃப்' என்று படித்துவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே நாலாம் தலைமுறைப் பிள்ளைகள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும்போது, அவள் தமிழாகவே படித்துப் பாடினாள்.

உங்கள் மகனுக்கு ஒரு சிரமம் உண்டு. பார்வை மிச்சமிருப்பவர்கள் புள்ளிகளைக் கண்ணால் படித்து ஏமாற்றிவிடுவார்கள். தாளின் மேல் ஒரு துணியைப் போட்டு, அதற்கடியில் கைவிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். முதலில் கோபப்படுவான். போகட்டும். பார்வை நன்றாக இருக்கும் நாட்களிலேயே தொடங்குங்கள், முழுசாகப் போனபின் என்று காத்திருந்தால் பார்வை போன துக்கமும் எழுத்து தெரியாத அவமானமும் ஒன்றாக வந்து உட்காரும்.

இப்போது கணிதம். அதை விடச் சொல்வது பள்ளிக்குச் சுலபம், பையனுக்குச் சுலபமா என்று யாரும் கேட்கவில்லை. மேத்ஸ் லிட்டரசி எடுத்தால் பொறியியல், கணினி அறிவியல், கணக்கியல் என்று பல்கலைக்கழகத்தில் பல கதவுகள் பதினைந்து வயதிலேயே சாத்திக்கொள்ளும். அவனுக்குக் கணிதம் பிடிக்காது என்றால் சரி, விட்டுவிடுங்கள். பிடிக்குமா பிடிக்காதா என்று உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை, கவனித்தீர்களா? தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்து, பிரெயில் வினாத்தாள் எல்லாம் விண்ணப்பித்துப் பெறக்கூடியவை. பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். 'பார்க்கலாம்' என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போனால் விடுதிச் சாப்பாட்டை விசாரிப்பதற்கு முன், பத்தாம் வகுப்பில் கணிதம் நடத்துகிறார்களா, பிரெயில் தெரிந்த ஆசிரியர்கள் எத்தனை பேர், புத்தகம் பிரெயிலில் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். 2015-இல் வந்த ஓர் அறிக்கை, இந்த நாட்டில் பார்வையற்றோருக்கான 22 பள்ளிகளின் நிலையைச் சொன்னது. பல இடங்களில் பிரெயில் பாடநூலே இல்லை. பணம் ஒரு காரணம், சட்டம் இன்னொன்று. பதிப்புரிமை வைத்திருப்பவரின் அனுமதி இல்லாமல் ஒரு புத்தகத்தைப் பிரெயிலாக மாற்றுவதையே 1978-ஆம் வருடச் சட்டம் தடுத்து வைத்திருந்தது. நானே என் வகுப்புக்காக ஒரு பதிப்பகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. பிளைண்ட் எஸ்ஏ என்ற அமைப்பு வழக்குப் போட்டு, 2022 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. பாடநூல் இல்லை என்று பள்ளி கையை விரித்தால் அந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேளுங்கள். மக்காண்டா நகரில் 1919 முதல் நடக்கிற பார்வையற்றோர் நூலகத்திலும் அவனை உறுப்பினராக்குங்கள்.

அந்த நீதிமன்றத்தில் 1998 முதல் 2013 வரை நீதிபதியாக இருந்த சாக் யாகூப் நம் டர்பன்காரர். பதினாறு மாதக் குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சலில் பார்வை போனது. இங்கே ஆர்தர் பிளாக்ஸால் பள்ளியில் படித்தவர். வீட்டுரிமை பற்றிய குரூட்பூம் தீர்ப்பை 2000-இல் எழுதியவர். அவரை உங்கள் மகனுக்கு உதாரணம் காட்டிவிடாதீர்கள்! பதினைந்து வயதுப் பையன்களுக்கு உதாரணம் காட்டினாலே எரிச்சல் வரும். நீங்களும் உங்கள் மனைவியும் தெரிந்துகொள்வதற்காகத்தான் சொல்கிறேன். விடுதிப் பள்ளிக்கு அனுப்புவது பிள்ளையைத் தள்ளிவிடுவது ஆகாது.

அந்தப் பள்ளிக்கு யார் பெயர் வைத்தார்களோ, அந்த பிளாக்ஸால் ஒரு பாதிரியார். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இந்த நாட்டு வூஸ்டர் நகரில் 1881-லேயே பள்ளி இருந்தது. மற்றவர்களுக்காக இவர் 1927-இல் கேப்டவுனில் ஒன்று தொடங்கினார். 1939-இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ரூட்போர்ட்டில் எசென்செலேனி என்ற நிலையம். அந்த ஜூலுச் சொல்லுக்கு ஏறக்குறைய 'தனக்குத்தானே செய்துகொள்ளும் இடம்' என்று பொருள். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. கண் கொஞ்சம் மங்கினால் போதும், தண்ணீரைக்கூட டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுப்போம். உங்கள் வீட்டில் தோசை சுடுகிறவன் இனி அவனாக இருக்கட்டும். கை சுடும், எனக்கும் சுட்டிருக்கிறது. வெள்ளைக் கோலைப் பிடிக்க வெட்கப்படுவான், அதுவும் உங்களைவிடக் குறைவாகத்தான் வெட்கப்படுவான் என்று நினைக்கிறேன். நடமாட்டப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் கேட்டால் சொல்வார்கள். இருட்டில் ஏற்கனவே தடுமாறுவதால் இரவு நடையிலிருந்தே தொடங்கலாம்.

என்னிடம் ஒரு பழைய பிரெயில் சிலேட்டும் எழுத்தாணியும் சும்மா கிடக்கின்றன. வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். சாதாரணத் தாள் கிழிந்துவிடும், போன வருடக் கோயில் காலண்டரைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், அந்தத் தடிமன் சரியாக இருக்கும். சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு. அவனுக்கு வர இஷ்டம் இருந்தால் கூட்டிவாருங்கள்.

அன்புடன்,
அக்கா